தோட்டப் பாடசாலையும் இனத்துவேஷமும்

கல்வியைக் கண்ணென்று போற்றினர் நம் முன்னோர். ஆயின் கண்ணிருந்தால் மட்டும் போதுமா? அது நோயற்ற கண்ணாயும் இருத்தல் வேண்டும். காமாலை கண்ட கண்ணுக்குக் காண்பதெல்லாம் மஞ்சள் என்பது பழமொழி. இனத்துவேஷமும் அத்தகைய காமாலையே. அதனைத் தீர்க்கும் மருந்து பாடசாலையில் உண்டு. அதனை வளர்க்கும் கிருமியும் சில வேளைகளில் அதே பாடசாலையில்தான் உண்டு. இவ்விரண்டு உண்மைகளுக்கும் நாம் பிறந்து வளர்ந்த மலைநாட்டின் தோட்டப் பாடசாலைச் சரித்திரத்தை விடச் சிறந்த சான்று வேறெங்கும் தேட வேண்டியதில்லை. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் வாழும் நம் வாலிபர் இச்சரித்திரத்தை அறிதல் அவசியம் என்னும் எண்ணத்தாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

இனத்துவேஷம் என்றதும் அடிதடியும் தீவைப்பும் மட்டுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அவை நோயின் இறுதிக் கட்டங்கள். நோயின் தொடக்கம் வேறு. ஒரு மனிதனைக் கண்டதும், “இவன் இன்ன வேலைக்கே பிறந்தவன், இவன் பிள்ளைக்கும் அதுவே போதும்” என்று ஒருவன் மனத்தில் எழுகின்றதே, அந்த எண்ணமே வித்து. அது முதலில் வாயில் வசையாகும். பின்னர் ஏட்டில் சட்டமாகும். முடிவில் வீதியில் நெருப்பாகும்.

லயத்துத் திண்ணைப் பள்ளி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பிப் பயிருக்காக நம் மூதாதையர் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம், தஞ்சாவூர் முதலிய இடங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்து வரப்பட்டனர். கடலைத் தோணியிற் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தனர். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் பலர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடியை இலைநோய் பீடித்தது. அதன்பின் மலைநாடு தேயிலை நாடாயிற்று. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் மட்டும் ஆட்கள் வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் வேண்டும். ஆகவே வந்துபோனவர்கள் குடும்பத்தோடு குடியேறினர். அங்ஙனம் குடியேறிய பின்னரே “பிள்ளைகளின் கல்வி” என்ற வினா பிறந்தது.

அவ்வினாவுக்கு முதலில் விடை தேடியவர்கள் துரைமாரல்லர், அரசாங்கத்தாருமல்லர், லயத்து மக்களே. எழுத்தறிந்த ஒருவர், பெரும்பாலும் கங்காணியோ கணக்கப்பிள்ளையோ, மாலையில் லயத்துத் திண்ணையில் பிள்ளைகளைக் கூட்டி அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தார். இராமாயண பாரதக் கதைகள் விளக்கொளியிற் படிக்கப்பட்டன. காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கர் கதையும் எழுத்தறியாதவருக்கும் ஏடாயின. “அறிவில்லாக் கூட்டம்” என்று பிறர் எழுதி வைத்த நம் மக்கள், பகலெல்லாம் மலையேறி இறங்கி இரவிலே கதை கேட்டவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

அடுத்து வந்தவர்கள் மிஷனரிமார். 1854இல் கண்டியை மையமாகக் கொண்டு “தமிழ்க் கூலி மிஷன்” தொடங்கிற்று. “கூலி” என்ற சொல் சமயத் தொண்டின் பெயரிலும் ஏறி உட்கார்ந்ததைக் கவனிக்க. பிற்காலத்தில் அப்பெயர் மாற்றப்பட்டது. மிஷன்களின் நோக்கத்தில் மதமாற்றம் ஒரு பகுதி என்பது வெளிப்படை. நம் சங்கத்தார் அதனை அறியாதவரல்லர். எனினும் நீதி தவறாது பேசுவதாயின், வேறெவரும் ஏறெடுத்துப் பாராத காலத்தில் தோட்டத்துப் பிள்ளையின் கையில் பலகையும் குச்சியும் கொடுத்தவர்களுள் அவர்களும் உண்டு. நாமும் மிஷன் பாடசாலையொன்றிற் படித்தே இப்பேனாவைப் பிடிக்கின்றோம். செய்ந்நன்றி கொல்லுதல் நம் சமயத்துக்கு ஒவ்வாது.

அளந்து கொடுத்த கல்வி

1869இல் இலங்கையில் அரசாங்க வித்தியா பகுதி அமைந்தது. கிராமங்களில் பாடசாலைகள் எழுந்தன. தோட்ட எல்லைக்குள் மட்டும் அரசாங்கத்தின் கை எளிதில் நுழையவில்லை. தோட்டம் துரையின் இராச்சியமாயிருந்தது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் கடமையை முதன்முறையாகத் தோட்டத்தார் தலைமேல் வைத்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதனை வலுப்படுத்திற்று. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் காலை 10 மணிக்கு முன்னர் வேலைக்கு இடலாகாது என்றும் அது விதித்தது.

இவ்விதியைச் சற்று உற்று நோக்குவோம். பத்து மணிக்கு முன் எழுத்து. பத்து மணிக்குப் பின் கொழுந்து! தோட்டத்துப் பிள்ளைக்குச் சட்டம் வேண்டிய கல்வி ஆறு வயது முதல் பத்து வயது வரை மட்டுமே. கிராமத்துப் பிள்ளைக்கு வயது வரம்பு அதைவிட உயர்ந்தது. ஒரே தீவில், ஒரே முடியாட்சியின் கீழ், மலைச்சரிவின் மேற்புறத்துப் பிள்ளைக்கு ஓரளவு, கீழ்ப்புறத்துப் பிள்ளைக்கு வேறோரளவு. இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது? படித்தவன் மண்வெட்டி பிடிக்கமாட்டான், கூடை சுமக்கமாட்டான் என்னும் அச்சத்திலிருந்து வந்தது. அவ்வச்சத்தின் அடியிலே, இவர்கள் இதற்கென்றே பிறந்த இனத்தார் என்னும் எண்ணம் கிடந்தது. பிள்ளையின் மூளையை அளந்து பார்த்து எவரும் அந்த எல்லையை வகுக்கவில்லை. தேயிலைக் கணக்கே அதனை வகுத்தது.

அப்பாடசாலை எவ்வாறிருந்தது? ஒரே அறை, ஒரே உபாத்தியாயர், அவர் முன் ஐந்து வகுப்புகள். ஒரு மூலையில் “அ, ஆ” ஒலிக்க, மறு மூலையில் வாய்ப்பாடு ஒலிக்கும். மழைக்காலத்தில் தகரக் கூரையின் ஓசை இரண்டையும் விழுங்கும். பெரட்டு முடிந்து தாய் மலைக்குப் போனபின், தம்பியையோ தங்கையையோ பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு வரும் மூத்த பிள்ளை பாதி நேரம் தாழ்ந்தே வரும். ஐந்தாம் வகுப்போடு அப்பள்ளியும் முடியும், அப்பிள்ளையின் படிப்பும் முடியும். பின்னர் அரைப்பேர், அதன்பின் முழுப்பேர். தோட்டத்துச் செக்ரோலில் பெயர் ஏறிவிட்டால், பள்ளி இடாப்பிலிருந்து பெயர் இறங்கிவிடும்.

தென்னாபிரிக்காவில் 1953ஆம் ஆண்டு பாண்டுக் கல்விச் சட்டம் என்றொரு சட்டம் இயற்றினர். வெள்ளையரின் வேலைக்கு வேண்டிய அளவுக்குமேல் கறுப்புப் பிள்ளைக்குக் கல்வி வேண்டாம் என்பதே அதன் உட்கருத்து. உலகம் அதனைக் கண்டித்தது, கண்டித்தது முறையே. ஆனால் அக்கருத்தின் உடன்பிறப்பொன்று அரை நூற்றாண்டுக்கு முன்னரே நம் மலைகளில் உலாவியது என்பதை எத்தனை பேர் அறிவர்?

கதவு திறந்ததும் மூடியதும்

இவ்விருளிலும் சுடர்கள் தோன்றாமலில்லை. தஞ்சைச் சீமையிலிருந்து வந்த கோ. நடேசையர், வெளியார் நுழையத் தடையிருந்த தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி வேடத்திற் புகுந்து தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தார். அவரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் ஹட்டனை நிலைக்களனாக்கி, பத்திரிகையாலும் பாட்டாலும் நம் மக்களின் காதுகளைத் திறந்தனர். 1937இல் ஆஸ்திரேலியாவிலிருந்து தேயிலைத் தொழில் பயில வந்த பிரேஸ்கேர்டில் என்னும் வெள்ளை இளைஞர், நாவலப்பிட்டிக் கூட்டத்திலே மேடையேறித் தொழிலாளர் பக்கம் பேசினார். அவரை நாடுகடத்தத் தேசாதிபதி ஆணையிட்டார்; உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இதனை ஈண்டு எடுத்துரைப்பதற்குக் காரணமுண்டு. நியாயம் தோலின் நிறத்தைப் பார்த்துப் பிறப்பதில்லை. வெள்ளையரெல்லாம் கொடியர் என்று நாம் சொன்னால், கூலிகளெல்லாம் மூடர் என்று சொன்னவனுக்கும் நமக்கும் வேற்றுமை யாது?

1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி மலர்ந்தது. இலங்கைச் சரித்திரத்தில் அது பொன்னெழுத்தாற் பொறிக்கத்தக்கது. ஏழைக் கிராமத்துப் பிள்ளை பல்கலைக்கழகப் படியேற அதுவே வழிகோலியது. ஆயின் அப்பொன் மழை தோட்டத்து எல்லைக்கல் வரை வந்து நின்றுவிட்டது. தோட்டப் பாடசாலைகள் துரைமார் பொறுப்பிலேயே கிடந்தன. 1947இல் அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்பதற்குச் சட்டத்தில் இடம் செய்யப்பட்டது. வாயில் திறந்தது என்று மகிழ்வதற்குள் வேறொரு வாயில் அடைபட்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம் மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டிலிருந்து பாராளுமன்றம் புகுந்தவர்களுள், தோட்டத்திலே பிறந்து ஆசிரியராயும் கவிஞராயும் விளங்கிய சி. வி. வேலுப்பிள்ளையும் ஒருவர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலோ நம் மக்களின் குரல் அம்மன்றத்தில் ஒன்றும் இல்லாதொழிந்தது.

வாக்கில்லாதவன் பிள்ளைக்கு வாங்கு எங்கிருந்து வரும்? 1960, 1961ஆம் ஆண்டுகளில் நாட்டின் உதவி நன்கொடைப் பாடசாலைகள் அரசாங்கமயமாயின. பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் அதிலும் சேரவில்லை. 1970களின் முற்பகுதியில் நிலச் சீர்திருத்தத்தாலே தோட்டங்கள் அரசாங்கத்தின் உடைமையான பின்னர்தான், 1977 முதற்கொண்டு தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. 1945க்கும் 1977க்கும் இடையே 32 ஆண்டுகள். ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, கூடையைத் தலையில் ஏற்ற அது போதிய காலம்.

இதற்கிடையில் 1964 ஒக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் எழுந்தது. நாடற்றோர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரு நாடுகள் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சிய 1,50,000 பேரின் விதி 1974இல் பாதி பாதியாய்ப் பிரிக்கப்பட்டது. தலைமன்னார்க் கப்பலேறி நீலகிரிக்கும் பிற இடங்களுக்கும் போனவர்களை அங்குள்ளோர் “சிலோன்காரர்” என்றனர். இங்கே இந்தியர், அங்கே சிலோன்காரர்! எண்ணிப் பார்க்குந்தோறும் நெஞ்சு கனக்கின்றது. இங்கு எஞ்சியோரின் பிரசாவுரிமைப் பிரச்சினை முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

படித்தவர் கையிலும் பந்தம்

1977இலும் 1981இலும் 1983இலும் மலைநாட்டிலும் அயலிலும் லயங்கள் எரிந்தன, கடைகள் சூறையாயின. அந்நாட்களில் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டில் ஒளித்துக் காத்த சிங்கள மக்கள் பலர். அவர்களை நன்றியோடு நினைக்கின்றோம். எனினும் ஒரு வினா எம்மை விடாது தொடர்கின்றது. எழுத்தறிவிலே ஆசியாவில் முன்னணியில் நின்ற நாடு இது. தீப்பந்தம் ஏந்திய கைகளும் ஒரு காலத்தில் பள்ளியில் பென்சில் பிடித்த கைகளே. அப்படியாயின் பள்ளி அவர்களுக்கு எதைக் கற்பித்தது? எதைக் கற்பியாது விட்டது?

1980களில் ரெஜி சிறிவர்தன, சுனில் பஸ்தியன் முதலிய அறிஞர் நம் நாட்டுப் பாடப்புத்தகங்களை இக்கண்கொண்டு ஆராய்ந்தனர். ஓரினத்துப் பிள்ளை தன் புத்தகத்தில் தன்னைப் பற்றியே படிக்கின்றது. அயலானைப் பற்றிப் படிப்பதெல்லாம் பழைய போர்க்களத்தில் எதிர்நின்ற பகைவனாக மட்டுமே. தேயிலையைப் பற்றிய பாடத்தில் தேயிலை உண்டு, ஏற்றுமதி உண்டு, அந்நியச் செலாவணி உண்டு. கொழுந்தெடுத்தவளின் பெயரோ வழியோ வரலாறோ இருப்பதில்லை. அதற்குமேல் சிங்கள மொழிப் பாடசாலை ஒருபுறம், தமிழ்மொழிப் பாடசாலை மறுபுறம். தாய்மொழிக் கல்வி நல்லதே. ஆனால் ஒரே பஸ்ஸில் வந்து இரு வாயில்களாற் பிரியும் பிள்ளைகள், ஒருவர் பெயரை ஒருவர் அறியாமலே பதின்மூன்று ஆண்டு படித்து முடிக்கின்றனர். அறியாத முகத்தின் மீது எந்த வசையையும் எளிதில் ஒட்டிவிடலாம்.

எம் வகுப்பறையில் ஒரு நாள்

பிறரைக் குறை கூறியவாறே கட்டுரையை முடித்தல் எளிது. நேர்மையன்று. ஆகவே எம் அனுபவம் ஒன்றைக் கூறுவோம்.

தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்து, நகரத்து மிஷன் பாடசாலையொன்றிற் சேர்ந்தோம். முதல் வாரத்திலே “தோட்டக்காட்டான்” என்ற சொல் எம் முதுகின்மேல் விழுந்தது. சொன்னவன் சிங்களப் பையனல்லன், துரை மகனுமல்லன். நம் மொழி பேசி, நம் கோயிலிலே திருநீறு பூசும் கடைக்காரர் ஒருவரின் மகன். வகுப்பு சிரித்தது. ஓர் ஆசிரியரும் புன்னகைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். அன்று வீட்டுக்குப் போகும்போது, தாயின் கொழுந்துக் கறை படிந்த விரல்களை எவரும் காணாதிருக்க வேண்டுமே என்று எண்ணினோம். அந்த எண்ணத்தை இன்றும் வெட்கத்தோடு நினைக்கின்றோம். வசையின் உண்மையான கொடுமை இதுவே: பிறர் நம்மை இகழ்வதோடு நில்லாது, நம்மை நாமே இகழச் செய்கின்றது.

சில நாட் கழித்து, பூமிசாத்திரம் கற்பித்த வேறோர் ஆசிரியர் காதில் அச்சொல் விழுந்தது. அவர் பிரம்பை எடுக்கவில்லை. கரும்பலகையில் ஒரு தேநீர்க் கோப்பை வரைந்தார். “தம்பி, இதற்குள் தேயிலை எப்படி வந்தது? பின்னோக்கிச் சொல்லு பார்ப்போம்” என்றார், அச்சொல்லைச் சொன்ன மாணவனிடம். அவன் கடை என்றான். அதன்பின் கொழும்பு என்றான். அப்பால் அறியாது விழித்தான். ஆசிரியர் எம்மைப் பார்த்தார். “நீ சொல்லு, ராசா.” நாம் எழுந்து ஃபெக்டரி, வாட்டுமாடம், கொழுந்து மடுவம், நிறை போடுதல், மலை, கூடை, ஒரு கொழுந்தும் இரண்டு இலையும், அதனைக் கிள்ளும் விரல் என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்ல, வகுப்பு அமைதியாயிற்று. முடிவில் அம்மாணவன், “மழையிலையுமா எடுப்பினம்?” என்று கேட்டான். அது ஏளனமல்ல, வினா. அன்று முதல் அவன் எம் நண்பன்.

அந்த ஆசிரியர் இனத்துவேஷத்தைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. அறியாமை இருந்த இடத்தில் அறிவை வைத்தார், அவ்வளவே. இகழப்பட்டவனை ஒரு நாழிகை ஆசிரியனாக்கினார். பள்ளி செய்யக்கூடிய மருத்துவம் இதுவென்று அன்றே உணர்ந்தோம்.

உலகிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்காவில் கிளார்க் தம்பதியர் கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையும் கறுப்புப் பொம்மையும் கொடுத்து, எது நல்லது என்று வினவினர். அவர்களிற் பலர் வெள்ளைப் பொம்மையையே காட்டினர். நிறத்தால் பிள்ளைகளைப் பிரித்த பாடசாலைகள் சட்டத்துக்கு முரணானவை என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1954இல் தீர்த்தபோது, இத்தகைய ஆய்வுகளும் அதன் முன் இருந்தன. 1968இல் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட மறுநாள், அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஆசிரியை ஜேன் எலியட், தம் மூன்றாம் வகுப்பை விழியின் நிறத்தாற் பிரித்தார். ஒரு நாள் நீல விழியார் உயர்ந்தோர். மறுமுறை பழுப்பு விழியார் உயர்ந்தோர். தாழ்ந்தோர் எனப்பட்டவர் அன்றே பாடத்தில் பின்தங்கினர். அறிவு குன்றியதன்று, மதிப்புக் குன்றியது. நம் தோட்டத்துப் பிள்ளைக்கு நேர்ந்ததும் இதுவன்றோ?

நம் கடமை

இனி நம் சங்கத்து வாலிபர் செய்யத்தக்கவை எவை? சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, நம் சரித்திரத்தை நாம் அறிதல். 2023இல் நம் மக்கள் வந்த 200 ஆண்டுகளை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்நடையின் பொருளை வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் முதியவர் இருக்கின்றனர். அவர்கள் மறையுமுன் அவர்கள் கதையை எழுதி வைப்போமாக.

இரண்டாவது, பாஷை. தமிழும் ஆட்சிமொழி என்று 1987ஆம் ஆண்டின் அரசியற் சட்டத் திருத்தம் கூறுகின்றது. ஆயினும் காரியாலயத்துப் படிவத்தின் முன் நம் தாய்மார் இன்றும் திகைத்து நிற்கின்றனர். நாம் சிங்களம் பயில்வோம். அயற் கிராமத்து இளைஞருக்குத் தமிழ் பயிற்றுவோம். கோயில் மண்டபத்தில் வாரம் இருமுறை இரவு வகுப்பு நடத்த ஒரு விளக்கும் ஒரு கரும்பலகையும் போதும். லயத்துத் திண்ணையில் நம் பாட்டனார் செய்தது அதுதானே?

மூன்றாவது, நம் வீட்டைத் துப்புரவு செய்தல். லயங்களைச் சாதி பார்த்துப் பிரித்தவர் துரைமார் மட்டுமா? இன்னும் சில இடங்களில் தண்ணீர்க் குழாயடியிலும் திருவிழாவிலும் அந்த வாடை வீசுகின்றது. “தோட்டக்காட்டான்” என்ற சொல் கேட்டுப் புண்பட்ட நாம், நம்முள் ஒருவனைச் சாதிப் பெயரால் அழைப்போமாயின், அல்லது சிங்களப் பிள்ளையைக் கேலிப் பெயரால் அழைப்போமாயின், நீதி கேட்க நமக்கு நாவேது?

ஹட்டனிலிருந்து நல்லதண்ணி வழியே மார்கழி தொடங்கி வைகாசி வரை சிவனொளிபாத மலைக்கு மக்கள் ஏறுகின்றனர். நமக்கு அது சிவனின் பாதம். பௌத்தருக்குப் புத்தரின் பாதம். இஸ்லாமியரும் கிறிஸ்தவருள் ஒரு சாராரும் அதனை ஆதாமோடு சேர்த்துப் பேசுவர். இருளில், குளிரில், கால் சோர்ந்த ஒருவருக்குக் கை கொடுக்கும் எவரும், “நீர் எந்தப் பாதத்தைத் தேடி வந்தீர்?” என்று கேட்பதில்லை. மேலே ஏறியதும் எல்லோருக்கும் உதிப்பது ஒரே சூரியன். நம் மலைநாடே நமக்கு அளித்த பாடசாலை அது. அங்கே இரவிலே கற்கும் பாடத்தைப் பகலிலே வகுப்பறையிலும் கற்பிப்போமாயின், அடுத்த தலைமுறைப் பிள்ளை தன் தாயின் விரல்களை மறைக்க நினையாது. பெருமையோடு பற்றிக்கொண்டு பள்ளிக்குச் செல்லும். அந்நாளை விரைவிற் காண்போமாக.